தோட்டப் பட்டணத்துத் திடல் கச்சேரி: வெயிலில் விழாமல் கடைசிப் பாட்டு வரை இருக்க

மலேசியாவில் சுங்கை சிப்புட், கூலிம், பெஸ்தாரி ஜெயா மாதிரியான, ரப்பரும் செம்பனையும் (எண்ணெய்ப் பனை) சூழ்ந்த தோட்டப் பட்டணங்களில் நடக்கும் திடல் கச்சேரிக்கு முதல் தடவையாகப் போகிறவர்கள், டிக்கெட்டுக்கு அலைவதில் பாதிகூட வெயிலுக்கு மெனக்கெடுவதில்லை. மத்தியானம் 2 மணி வாக்கில் வாசலைத் திறப்பார்கள். உறுமி மேளம், உள்ளூர்ப் பாடகர்கள், நடனக் குழுக்கள் என்று இழுத்து, யாரைப் பார்க்கக் காசு கொடுத்தீர்களோ அவர் மேடையேற இரவு 9 மணி ஆகிவிடும். அந்த 7 மணி நேரத்தை உடம்பு தாங்கினால்தான் கச்சேரி. தாங்க வைக்கும் வழியைக் கீழே படிப்படியாகத் தந்திருக்கிறோம்.

1. தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்

நம் நாட்டில் கோடை என்று தனியாக ஒன்று இல்லை என்பது சரிதான். ஆனால் வடக்கே கெடாவிலும் பேராக்கிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் காய்ந்து கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் புழுங்கி, சாயங்காலம் இடியோடு கொட்டும். மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை தீபகற்பத்தில் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நாட்களில் உச்சி வேளை 12 மணிக்கு அல்ல, நம் கடிகாரப்படி 1.15-ஐ ஒட்டித்தான் வரும். அதனால் மிகக் கொடுமையான நேரம் 2 மணியிலிருந்து 4 மணி வரை. வாசல் திறப்பதும் அதே நேரத்தில்தான்.

மூன்று நாளுக்கு முன்பிருந்தே வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியைப் பாருங்கள். தொடர்ந்து 3 நாள் அதிகபட்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் அது முதல் நிலை எச்சரிக்கை. 37-ஐத் தாண்டி 40 வரை போனால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40-க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. முதல் நிலை என்றால் 5 மணிக்கு மேல் போங்கள். இரண்டாம் நிலை என்றால் குழந்தைகளையும் வயதானவர்களையும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், அல்லது டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. செயலி காட்டும் எண் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் எடுத்த அளவு. திடலில் நிற்கும் உங்களுக்கு அந்த நிழல் இல்லை. எச்சரிக்கை எதுவும் இல்லாத நாள்கூட சாதுவான நாள் அல்ல: 34 டிகிரியும் 60 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு 42 டிகிரி மாதிரி இருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சுற்றிலும் செம்பனை அடைத்து நிற்கும் பட்டணத்தில் காற்று அசையாது, வியர்வை வழியுமே தவிரக் காயாது.

புகைமூட்டக் காலமானால் காற்றுத் தூய்மைக்கேட்டு அளவையும், அதாவது ஐ.பி.யூ. எண்ணையும் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்கள் போகவே வேண்டாம்.

2. உடம்பைப் பழக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்

தோட்டத்தில் வேலை செய்கிறவர் அதே வெயிலில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார், ஏர்கோன் அறையிலேயே இருந்து பழகியவர் அரை மணி நேரத்தில் மயங்குவார். இது பலம், பலவீனம் பற்றிய விஷயமே அல்ல. உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பையும் குறைவாக விடும். ஆகவே ஒரு வாரத்துக்கு முன்பே, தினமும் சாயங்காலம் 5 மணி வாக்கில் வெளியே இறங்கி அரை மணி நேரம் வேகமாக நடங்கள். கடைசி இரண்டு நாள் நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை என்றால் இந்தப் பயிற்சியும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம்.

3. காகிதங்கள்

மைகாட் அடையாள அட்டை, குழந்தைகளுக்கு மைகிட் அட்டை. டிக்கெட்டைக் கைப்பேசியில் மட்டும் நம்பி வைக்காதீர்கள். வெயிலில் கைப்பேசி சூடேறித் தானே அணைந்துவிடும், அணையாவிட்டாலும் 2 மணி வெளிச்சத்தில் திரையில் இருக்கும் கட்டத்தை ஸ்கேன் செய்யத் திணறுவார்கள். ஒரு தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வையுங்கள்.

நீரிழிவு, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் கிளினிக் அட்டையையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துப் போக வேண்டும். நீர் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரும் மாத்திரைகள் எல்லாம் வெயிலில் உடம்பின் தாங்கும் சக்தியைக் குறைப்பவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அடுத்த கிளினிக் தவணையில் டாக்டரிடம் கேளுங்கள்.

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி, அதாவது 1 ரிங்கிட்தான். ஆனால் பெரும்பாலான கிளினிக்குகள் 5 மணிக்கே மூடிவிடும். சனி ஞாயிறில் திறந்திருக்குமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்களுக்குத் தேவைப்படும் நேரம் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனை எது, திடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று வீட்டிலேயே பார்த்து, வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். கூட்டம் சேர்ந்தால் இணையம் படுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூட வந்தால் அவருடைய கடப்பிதழ் அவசியம். அவருக்குக் கட்டணம் பல மடங்கு.

4. பையும் செலவும்

எந்தப் பொருள் உள்ளே விடப்படும் என்பதை முதலில் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். பல இடங்களில் குடை, கண்ணாடிப் பாட்டில், மூடி திறந்த தண்ணீர் மூன்றுக்கும் வாசலிலேயே தடை. மூடி திறக்காத பாட்டிலும் மருந்தும் பெரும்பாலும் தடையில்லை.

குட் மார்னிங் துண்டு இரண்டு. சீனக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் அந்த வெள்ளைத் துண்டைவிட நல்ல குளிர்சாதனம் திடலில் வேறில்லை. நனைத்து முழுக்கப் பிழியாமல், சொட்டாத அளவுக்கு மட்டும் பிழிந்து, பிடரியில் படும்படி கழுத்தைச் சுற்றிப் போடுங்கள். கால் மணி நேரத்தில் துண்டு உங்கள் உடம்புச் சூட்டுக்கே வந்துவிடும். அதை அப்படியே விட்டால் கம்பளி போர்த்தியது போலத்தான், மறுபடி நனைக்க வேண்டும். ஒன்று கழுத்தில் இருக்கும்போது இன்னொன்று ஐஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

ஒன்றரை லிட்டர் பாட்டில் ஆளுக்கு இரண்டு, கடையில் வாங்கினால் ஒன்று சுமார் 2 முதல் 3 வெள்ளி. திடலுக்குள் இருக்கும் ஒட்டுக்கடையில் அரை லிட்டருக்கே அந்தக் காசு கேட்பார்கள். ஒரு பாட்டிலை முந்தின நாள் இரவே உறைய வையுங்கள், ஆனால் கால் பங்கு தண்ணீரை முதலில் குடித்துவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். திறந்த பாட்டிலை வாசலில் தடுத்தால் அது காரில் ஐஸ் பெட்டிக்குப் பயன்படும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி, ஆளுக்கு இரண்டு, மருந்துக் கடையில் ஒன்று 1 வெள்ளி சொச்சம். கைவிசிறி போதும். பேட்டரி விசிறி வாங்கினால் 15 வெள்ளியிலிருந்து கிடைக்கும், தோல் ஈரமாக இருக்கும்போதுதான் அதனால் பயன். காய்ந்த முகத்தில் சூடான காற்றை அடித்துக்கொள்வதில் லாபமில்லை.

எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் களிம்பு வாங்குங்கள், 25 முதல் 40 வெள்ளி வரை ஆகும். கறுப்புத் தோலுக்குத் தேவையில்லை என்பது வெறும் பேச்சு. முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி, கிளம்ப 20 நிமிடம் இருக்கும்போது, அப்புறம் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அகல விளிம்புத் தொப்பி, மடித்து வைக்கும் மழைக்கோட்டு, முன்பக்கம் மூடிய காலணி.

எல்லாம் புதிதாக வாங்கினாலும் ஆளுக்கு 60, 70 வெள்ளிக்குள் அடங்கும். தொப்பியும் களிம்பும் வீட்டில் இருந்தால் 20 வெள்ளி.

உடுப்பு வெளிர் நிறத்தில், தளர்வான பருத்தி. ரசிகர் குழுக்கள் ஒரே மாதிரிக் கறுப்பு ஜெர்சி அடித்துக்கொண்டு வருவது படத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அதை இரவு 7 மணிக்கு மேல் மாட்டிக்கொள்ளலாம்.

இன்சுலின் எடுத்துப் போகிறவர்கள் கவனிக்க: பயன்பாட்டில் இருக்கும் பேனா பொதுவாக 30 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும், அதற்காக ஐஸ் மேலேயே வைத்தால் உறைந்து கெட்டுப்போகும். துணியில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் வையுங்கள். காரின் முன்பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் அந்த மருந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

5. எப்போது போவது, எங்கே உட்காருவது

முன் வரிசை ஆசை இல்லையென்றால் 5 மணிக்குப் போங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அறிவுரையை மட்டும் கேட்பதாக இருந்தால் இதைக் கேளுங்கள். முன்னணிப் பாடகர் 3 மணிக்குப் பாடப் போவதில்லை. 2 மணியிலிருந்து இடம் பிடித்து நிற்கிறவர் 9 மணிக்குப் பாதி உயிரோடுதான் இருப்பார்.

முன்கூட்டியே போயே தீர வேண்டும் என்றால் நிழலைக் கணக்குப் போட்டு உட்காருங்கள். 1 மணிக்கு மரத்தின் நிழல் மரத்தடியிலேயே இருக்கும். 3 மணிக்குக் கிழக்குப் பக்கம் சாயத் தொடங்கும், 5 மணிக்கு மரத்தைவிட நீளமாகும். ஆகவே 2 மணிக்கு மரத்தின் மேற்கே பாய் விரித்தவர் அரை மணி நேரத்தில் வெயிலில் கிடப்பார். கட்டடத்தின், கோயில் மதிலின், தூங்குமூஞ்சி மரத்தின் கிழக்குப் பக்கம்தான் சரியான இடம். மேடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். மேடை கிழக்குப் பார்த்திருந்தால் நீங்கள் மேற்குப் பார்த்து உட்கார வேண்டும், சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும்.

கெமா, அதாவது துணிக் கூடாரம் போட்டிருந்தால் நடுவில் போய் உட்காராதீர்கள். துணிக்குக் கீழே சூடும், நூறு பேரின் மூச்சும் வியர்வையும் அங்கேதான் தேங்கும். ஓரத்து நாற்காலியில் கொஞ்சம் வெயில் தெறித்தாலும் காற்று வரும். கெமாவுக்கென்று கூடுதல் காசு கேட்கும் டிக்கெட் 4 மணிக்கு முன் போகிறவருக்குத்தான் பிரயோசனம்.

நிழலைத் தேடிப் போகக்கூடாத இடங்களும் இருக்கின்றன.

ஜெனரேட்டர் லாரியின் பின்பக்கம் நல்ல நிழலாக இருக்கும், அங்கே தூங்குகிறவர்களையும் பார்க்கலாம். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணம் இல்லாமலே ஆளைச் சாய்க்கும், அறிகுறிகளும் தலைவலி, குமட்டல் என்று வெயில் மயக்கம் போலவே இருக்கும்.

செம்பனைத் தோப்புக்குள் நுழையாதீர்கள். காய்ந்த மட்டை விழும், 20 கிலோ குலையும் விழும். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். அதோடு அது கம்பெனி நிலம், ஜாகாவோடு (காவலாளி) வாக்குவாதம் வேறு. பால்மரத் தோப்பாக, அதாவது ரப்பர் தோப்பாக இருந்தால் ஆபத்து குறைவுதான், ஆனால் வருஷத் தொடக்க மாதங்களில் பால்மரம் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். வெயில் ஏறும் நேரம் பார்த்து நிழல் போய்விடும்.

நிறுத்திய கார் நிழல் அல்ல, அடுப்பு. 10 நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி ஏறும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. தூங்குகிற பிள்ளையை 'ஐந்து நிமிஷம்தானே' என்று விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது.

பல பட்டணங்களில் திடலுக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயிலோ தமிழ்ப்பள்ளியோ சமூக மண்டபமோ இருக்கும். கோயில் மண்டபத்தின் சிமெண்டுத் தரை, குழாய்த் தண்ணீர், கழிப்பறை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால் முதலில் அங்கே போய்க் கேட்டுவையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 நிமிடம் அங்கே போய் உட்கார்ந்து வந்தாலே பாதி ஆபத்து போய்விடும். அன்னதான உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டு வாருங்கள்.

6. குடிப்பது

தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். ஆடிக்கொண்டோ நடந்துகொண்டோ இருந்தால் 20 நிமிடத்துக்கு ஒரு குவளை, அதாவது 200 முதல் 250 மில்லி. நிழலில் உட்கார்ந்திருந்தால் மணிக்கு அரை லிட்டர் போதும். ஒரே மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவே தலைசுற்றல், வாந்தி, வலிப்பு வரை கொண்டுபோகும். இருதயம், சிறுநீரகப் பிரச்சினைக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம், டாக்டர் சொன்ன அளவுதான்.

இரண்டு மணி நேரம் நன்றாக வியர்த்த பிறகு உப்பும் உள்ளே போக வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனையில் கரையுங்கள், அரைப் பாட்டிலில் கரைத்தால் 'ஸ்ட்ராங்' ஆகாது, வயிற்றைத்தான் கலக்கும். பொட்டலம் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு ஒரு சிட்டிகைகூட அதிகம் போகக்கூடாது. ஒரு நாளைக்குள் குடித்து முடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோரும் நல்லதுதான், காலையிலேயே கலந்து ஐஸில் வைத்திருந்தால்.

100 பிளஸ் பானம் குடிக்கலாம், ஆனால் அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு மாற்று அல்ல: உப்பு குறைவு, சர்க்கரை கூடுதல். சீராப், தே ஓ (பாலில்லாத தேநீர்) ஐஸ் லீமாவ், மைலோ ஐஸ் எல்லாம் வாய்க்குக் குளிர்ச்சி, உடம்புக்குச் சர்க்கரை. இளநீர் சரி.

பீரும் சம்சுச் சாராயமும் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும், வெயில் மயக்கத்தைத் தெரியவிடாமலும் மறைக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ நீட்டும் பாட்டிலைத் தொடாதீர்கள். 2018-இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள்.

கழிப்பறை அசிங்கமாக இருக்கிறது என்று தண்ணீரைக் குறைப்பது பெண்கள் அதிகம் செய்வது. அதற்குத்தான் கோயிலையோ பள்ளியையோ முன்பே பார்த்து வைக்கச் சொன்னோம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரியாகக் குடிக்கிறீர்கள், கருமஞ்சளானால் பின்தங்கிவிட்டீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள், தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். அதைவிட, அந்த வயதுக் குழந்தையைக் கொண்டு போகாமலிருப்பது நல்லது.

7. சாப்பாடு

மத்தியானப் பிரியாணியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தயிர்சாதம், வெள்ளரி, தர்பூசணி. தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும், நாசி லெமாக் உட்பட, அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால் நம்ப வேண்டாம்.

8. மேளத்துக்கு முன்னால் ஆடுகிறவர்களுக்கு

உறுமி தொடங்கிவிட்டால் உட்கார முடியாது, தெரியும். இருபது நிமிடம் ஆடினால் பத்து நிமிடம் வெளியே வாருங்கள். கூட்டத்தின் நடுவில் காற்று நுழையாது, ஆகவே ஓரமாக ஆடுங்கள். வாசிக்கிறவர்கள் தோலை முறுக்கேற்ற வாத்தியத்தை வெயிலில் வைப்பார்கள். வாத்தியத்துக்கு அது தேவை, வாசிக்கிறவருக்குத் தேவையில்லை. ஆள் மாற்றி வாசிக்கும் குழுவாக இருந்தால் முறையை முன்பே பேசிவிடுங்கள்.

9. நாலு மணி இடி

ஏப்ரல், மே கச்சேரிகளில் 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் இடிமழை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடிச்சத்தம் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். திடலின் நடுவிலும், ஒற்றை மரத்தடியிலும், இரும்புக் கால் வைத்த கெமாவுக்குள்ளும் நிற்காதீர்கள். சுவர் உள்ள மண்டபம், இல்லாவிட்டால் கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் திரும்ப வேண்டும். மழை நின்றதும் குளிர்ந்துவிட்டது என்று தண்ணீரை நிறுத்தாதீர்கள். தரையிலிருந்து ஆவி கிளம்பி ஈரப்பதம் ஏறும், அந்த ஒரு மணி நேரத்தில் வியர்வை காயவே காயாது.

10. ஒருவர் தள்ளாடினால்

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, நிறைய வியர்வை, ஆனால் பேச்சு தெளிவு: இது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, ஈரத்துணி போட்டு விசிறி, சிறிது சிறிதாக ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அரை மணி நேரத்தில் தேறாவிட்டால் முதலுதவிக் கூடாரத்துக்கு, அங்கிருந்து மருத்துவமனைக்கு.

பேச்சு குழறுகிறது, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை, சண்டைக்கு வருகிறார், வலிப்பு அல்லது மயக்கம்: இது வெப்பத் தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஆடியவருக்கு வியர்வையோடேயே வரும்.

நம் கூட்டங்களில் இதை இரண்டு விதமாகத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்: குடித்திருக்கிறான் என்று ஒதுக்கிவிடுவது, அல்லது மேளச் சத்தத்தில் அருள் வந்திருக்கிறது என்று சுற்றி நின்று கும்பிடுவது. சந்தேகம் வந்தால் பெயரைக் கேளுங்கள், யாரோடு வந்தார் என்று கேளுங்கள், அக்குளில் கை வைத்துப் பாருங்கள். பதில் ஒழுங்காக வராமல் கை சுடுகிறது என்றால் திருநீறு அப்புறம் பூசலாம்.

ஒருவர் 999-ஐ அழைக்கட்டும், திடலின் பெயரோடு பக்கத்துக் கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் சொல்லுங்கள், அதை வைத்து ஆம்புலன்ஸ் சீக்கிரம் கண்டுபிடிக்கும். வாசலில் ஒரு ஆளை நிறுத்துங்கள். மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். சட்டையைத் தளர்த்தி, தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றி, அட்டையால் விடாமல் விசிறுங்கள். பானக் கடைக்காரரின் ஐஸ் தோங்கை, அதாவது ஐஸ் பெட்டியைக் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றிய ஐஸைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக்கூடாது. முதல் அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்குவதில்தான் மூளையும் சிறுநீரகமும் தப்புகின்றன, ஆகவே 'முதலில் காரில் ஏற்று' என்று அவசரப்படாதீர்கள்.

நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். பெனடோல் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் அல்ல, மாத்திரைக்கு இறங்காது. ஆக்ஸ் எண்ணெயை மூக்கில் தேய்த்துக்கொண்டிருப்பதில் போகும் ஐந்து நிமிடம் வீண். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள், காற்று வரட்டும்.

11. திரும்பும்போது

கச்சேரி முடிய 11 மணி தாண்டும். சுங்கை சிப்புட் மாதிரி இ.டி.எஸ். ரயில் நிற்கும் ஊராக இருந்தாலும் அந்த நேரத்துக்கு ரயிலை நம்பாமல் நேர அட்டவணையை முன்பே பாருங்கள். சின்னப் பட்டணத்தில் நடுராத்திரிக்கு கிராப் வாடகைக் கார் கிடைப்பதும் அதிர்ஷ்டம்தான். ஓட்டப்போகிறவர் யார் என்று காலையிலேயே முடிவு செய்து, அவரை 5 மணிக்கு முன் திடலில் நிற்க விடாதீர்கள். வெயிலில் காய்ந்தவருக்கு நெடுஞ்சாலையில் கண் செருகும்.

வீட்டுக்குப் போய்ச் சாதாரணத் தண்ணீரில் குளித்து, இன்னும் அரை லிட்டர் குடித்துவிட்டுப் படுங்கள். மறுநாள் லேசான தலைவலியும் அசதியும் இருக்கலாம், ஓய்வெடுத்தால் போகும். சிறுநீர் தே ஓ நிறத்தில் போனாலோ, தொடைத் தசை வீங்கி வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கிளினிக்கில் எண் எடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போய், முந்தின நாள் எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.